லயத்து வீட்டுச் சாமானில் நகை செய்து விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரி. பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இப்போது இருப்பது தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதி வீட்டில். அறுந்த சங்கிலி, ஒற்றை ஜிமிக்கி, பழைய சாவி, ரப்பர் பால் பிடிக்கும் பீங்கான் மங்கின் சில்லு, ரப்பர் விதை என்று கைக்குக் கிடைப்பதை வைத்து ஒன்பது வருடமாக நகை செய்து விற்கிறேன். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மேசை போடும்போதும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், அதெல்லாம் நான் தவறு செய்து கற்றுக்கொண்ட இடங்கள்.

அக்கா, இந்தச் சாமான்களெல்லாம் எங்கே கிடைக்கின்றன?

முதலில் உங்கள் வீட்டில். தையல் மெஷின் இழுப்பறையிலோ அலமாரிக்கு மேலேயோ ஒரு பிஸ்கட் டின் இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். பொத்தான், ஊக்கு, திருகாணி தொலைந்த தோடு, அறுந்த மணிச்சரம், எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத சாவி, கொலுசிலிருந்து விழுந்த முத்து எல்லாம் அதில் கிடக்கும். நான் முதல் மூன்று மாதம் அம்மாவின் டின்னிலிருந்து மட்டும்தான் செய்தேன்.

அப்புறம் பழைய இரும்பு வாங்கும் கடைகள், ஈப்போவில் கூடும் பாசார் காராட் என்ற பழைய சாமான் சந்தை. இங்கிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர்தான், அதிகாலையில் போனால் நல்ல பித்தளைச் சாமான்கள் கிடைக்கும்.

கடைசியாக லயங்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது, ஆட்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள், லயம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. நல்ல மழை பெய்து மண் அரித்த மறுநாள் பழைய வாசல்களைப் பார்த்தால் கண்ணாடி வளையல் துண்டுகள் பச்சையும் சிவப்புமாகத் தலைகாட்டும். யாரோ ஒருத்தி வாசல் பெருக்கும்போது, பிள்ளையை அடிக்கக் கை ஓங்கும்போது, தண்ணீர்க் குடத்தை இறக்கும்போது உடைந்தவை.

ஆள் இல்லாத லயத்தில் போய் எடுக்கலாமா? யாரும் கேட்க மாட்டார்களே?

கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டாலும் நிலம் கம்பெனிக்குச் சொந்தம், அலுவலகத்திலோ காவலாளியிடமோ ஒரு வார்த்தை சொல்லி அனுமதி வாங்குங்கள். நான் கேட்ட எந்த இடத்திலும் மறுத்ததில்லை, ஆனால் கேட்காமல் போய் ஒருமுறை காவலாளியிடம் மாட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றிருக்கிறேன். அது நியாயமான திட்டு.

வேறு இரண்டு விஷயம். பழைய கூரைத் தகடுகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்தவை இருக்கும், உடைந்து கிடந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். காலில் பூட்ஸ், கையில் தடித்த கையுறை இல்லாமல் குப்பையைக் கிளறாதீர்கள், டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயிலடியிலும் சுடுகாட்டுப் பக்கமும் நான் எதையும் எடுப்பதில்லை. காலியான தோட்டமாக இருந்தாலும் முனீஸ்வரர் மரத்தடியில் கிடக்கும் மணி அவருடையதுதான்.

பழைய டின்னோ பெட்டியோ கிடைத்து உள்ளே காகிதம் இருந்தால் வீசிவிடாதீர்கள். ஒருமுறை பொத்தான் டின்னின் அடியில் மடித்துவைத்த பிறப்புச் சூரா, அதாவது பிறப்புச் சான்றிதழ், கிடைத்தது. சூரா இல்லாமல், குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு ஐசியோடு (அடையாள அட்டை) காலம் தள்ளுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! விசாரித்து விசாரித்து அந்தக் குடும்பத்தின் மகளிடம் சேர்த்தேன். அன்று எந்த நகையும் செய்யவில்லை, ஆனால் அந்த மாதத்திலேயே நல்ல நாள் அதுதான்.

டின்னில் தங்கமோ வெள்ளியோ இருந்தால் நமக்குத்தானே?

இல்லை. இதில் எனக்கு இரண்டு பேச்சே கிடையாது. ஒரு குடும்பம் வீடு மாறும்போது பழைய தையல் சாமான்களைப் பத்து வெள்ளிக்கு, அதாவது பத்து ரிங்கிட்டுக்கு, என்னிடம் கொடுத்தார்கள். நூல்கண்டு ஒன்றின் நடு ஓட்டையில் பஞ்சு அடைத்திருந்தது. இழுத்தால் பஞ்சுக்குள் ஒரு மூக்குத்தி, ஏழு கல் வைத்தது, 916 தங்கம். திருடனுக்குப் பயந்தோ வேறு யாருக்குப் பயந்தோ அந்தப் பாட்டி அங்கே ஒளித்துவைத்திருக்கிறார். பத்து வெள்ளிக்கு அவர்கள் விற்றது நூல்கண்டைத்தான், மூக்குத்தியை இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வழியில் கண்டெடுத்தாலும் அப்படித்தான். சொந்தக்காரர் யாரென்று தெரிந்தும், அல்லது தேடினால் கண்டுபிடிக்க முடியும் என்று தெரிந்தும், தேடாமல் நமதாக்கிக்கொண்டால் மலேசியத் தண்டனைச் சட்டத்தொகுப்பின் 403ஆம் பிரிவில் அது குற்றம். காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

தொடங்குவதற்கு என்னென்ன கருவி வேண்டும்?

உருண்டை மூக்குக் குறடு ஒன்று, தட்டை மூக்குக் குறடு ஒன்று, கம்பி வெட்டும் குறடு ஒன்று, சின்ன அரம், உப்புத்தாள், கையால் சுற்றும் துளைப்பான். ஹார்ட்வேர் கடையிலும் ஷோப்பி இணையக் கடையிலும் எல்லாம் சேர்த்து நூறு வெள்ளிக்குள் முடித்துவிடலாம். குறட்டின் வாயில் பல் இருக்கக் கூடாது, வழவழப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பியெல்லாம் கடித்த அடையாளமாகிவிடும்.

கம்பி: காதுக் கொக்கிக்கு 0.8 மில்லிமீட்டர், அதாவது 20 கேஜ். சில்லைச் சுற்றிக் கட்டும் சட்டத்துக்கும் அதே. மேலே சுற்றுவதற்கு 0.5 மில்லிமீட்டர், 24 கேஜ். இந்த இரண்டும் போதும்.

வளையத்தைத் திறக்கும்போது பக்கவாட்டில் இழுத்து அகலப்படுத்தாதீர்கள், ஒரு முனையை முன்னுக்கும் மறு முனையைப் பின்னுக்கும் திருப்புங்கள், மூடும்போதும் அதே வழியில் திருப்பி மூடுங்கள். இழுத்துத் திறந்த வளையம் வட்டமாக மறுபடி மூடாது, அந்த இடைவெளி வழியாகத்தான் தொங்கல் நழுவி விழும். வாங்கினவர் ‘அறுந்துவிட்டது’ என்று கொண்டுவருவதில் பாதிக்குமேல் இதுதான்.

பழைய சாமானை எப்படிச் சுத்தம் செய்வது? பளபளவென்று ஆக்க வேண்டுமா?

முதலில் சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும், அது போதுமென்றால் அதோடு நிறுத்துங்கள்.

பித்தளைக்குப் புளியும் உப்பும், குத்துவிளக்குத் துலக்குகிற அதே பக்குவம். தேய்த்து உடனே கழுவித் துடையுங்கள். ஊறவைத்து மறந்தால் பித்தளை செம்பு நிறத்துக்கு வெளுத்துவிடும், ஏனென்றால் புளிப்பு துத்தநாகத்தைத் தின்றுவிட்டுச் செம்பை மேலே விட்டுவைக்கிறது. முலாம் பூசிய கவரிங் நகைக்குப் புளியே வேண்டாம், முலாம் போய்விடும்.

துருப்பிடித்த சாவியை வெள்ளை வினிகரில் ஓர் இரவு வைத்து, தேய்த்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். வினிகரையும் துணி வெளுக்கும் குளோராக்ஸையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், விஷவாயு கிளம்பும், சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பளபளப்பு பற்றி: எனக்கு வேண்டாம். நாற்பது வருடம் ஒருவர் மடியில் கிடந்து வழவழப்பான சாவியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நேற்று கடையில் வாங்கிய சாவியாகிவிடும், அப்புறம் அதை எதற்குக் கழுத்தில் போட வேண்டும்? அழுக்கை எடுக்கிறேன், பள்ளத்தில் இருக்கும் கறுப்பை விட்டுவிடுகிறேன்.

ரப்பர் விதையில் செய்த மாலை எனக்குப் பூச்சி பிடித்துவிட்டது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

எனக்கும் முதலில் அப்படித்தான் ஆயிற்று. அழகாகக் கோத்து, தீபாவளிக்கு முன்னால் பன்னிரண்டு மாலை விற்றேன், ஒரு மாதம் கழித்து நான்கு பேர் ஒரே வாரத்தில் வந்தார்கள்: மாலை சிக்கு வாடை அடிக்கிறது, மாவு உதிர்கிறது. நால்வருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், மற்ற எட்டுப் பேரையும் தேடிப்பிடித்து மாற்றிக் கொடுத்தேன்.

காரணம் உள்ளே இருக்கும் பருப்பு. அது எண்ணெய்ப் பருப்பு, நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், வண்டும் தேடி வரும். ஆகவே பருப்பை வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

விழுந்து சில நாளான விதையாகப் பொறுக்குங்கள், மழையில் கிடந்து நிறம் செத்தவை வேண்டாம். கழுவி இரண்டு வாரம் நிழலில் காயவையுங்கள். குலுக்கினால் உள்ளே லொடலொடவென்று ஆடும், அப்போது பருப்பு ஓட்டிலிருந்து விட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு முனையில் 1.5 மில்லிமீட்டர், எதிர் முனையில் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள், கையால், மெதுவாக. ஓட்டைப் பிளக்காமல் துளைக்க வேண்டுமென்றால் விதையைத் துணியில் சுற்றி இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு கோணூசியின் முனையை லேசாக வளைத்துப் பெரிய துளை வழியாக விட்டுப் பருப்பை உடைத்து உடைத்துக் கொட்டுங்கள். ஒரு விதைக்கு எனக்கு ஆறேழு நிமிடம் ஆகும். உள்ளே தண்ணீர் விட்டு அலசி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, காற்றுப் புகாத பையில் கட்டி மூன்று நாள் ஐஸ்பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் மிச்ச முட்டைகளும் செத்துவிடும். கடைசியில் நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு பூச்சு.

அந்தப் பருப்பில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது, பச்சையாகத் தின்னக் கூடாது. பிள்ளைகள், கோழிகள் பக்கம் கொட்டாதீர்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. ஒரு மரத்து விதைகளின் ஓட்டில் புள்ளியும் வரியும் ஒரே மாதிரி இருக்கும், ஏனென்றால் ஓடு தாய்மரத்தின் திசு. விதையைப் பார்த்தே மர இனத்தைச் சொல்லிவிடுவார்கள் ரப்பர் ஆராய்ச்சிக்காரர்கள். அதனால் ஜோடித் தோடு செய்ய ஒரே மரத்தடியில் பொறுக்குங்கள், இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். எங்கள் மாவட்டத் தலைநகரான கோலகங்சாரில் 1877இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. என் மேசையில் ரப்பர் விதை வாங்கும் ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்வேன். வயசானவர்கள் கேட்டுக்கொண்டே விதையைக் கையில் எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பார்ப்பார்கள், யாருடைய கொட்டை முதலில் உடையும் என்று விளையாடிய கை அது.

குன்றிமணியில் வளையல் செய்து தருவீர்களா?

மாட்டேன். கறுப்புப் பொட்டு வைத்த அந்தச் சிவப்பு மணியில் அப்ரின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. முழுசாக இருக்கும் வரை கெட்டி ஓடு காக்கும், துளை போட்ட பிறகு அந்தக் காவல் போய்விடும், துளைக்கிற நமக்கும் ஆபத்து, கடித்துப் பார்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. பதிலாக மஞ்சாடி வாங்கிக்கொள்ளுங்கள், மலாய்க்காரர்கள் சாகா என்பது. அது மரத்தில் காய்ப்பது, முழுச் சிவப்பு, பொட்டு கிடையாது. குன்றிமணி கொடியில் காய்ப்பது. அந்தக் காலத்துத் தட்டார்கள் இரண்டையும் வைத்துத் தங்கம் நிறுத்தார்கள், இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. மஞ்சாடியும் தின்பதற்கு இல்லை, கைக்குழந்தை வீட்டுக்கு அதையும் விற்பதில்லை.

பழைய காசில் துளை போட்டுப் பதக்கம் செய்யலாமா?

மலேசிய நாணயத்தில் துளை, வெட்டு, உருக்கு எதுவும் வேண்டாம், நாட்டு நாணயத்தைச் சிதைப்பது சட்டத்துக்கு விரோதம். ஒரு காசு (1 சென்) நாணயம் 2008 ஏப்ரலிலிருந்து கடையில் புழங்காமல் போனாலும் அது நாணயம்தான்.

வெள்ளைக்காரன் காலத்துச் சதுர ஒரு காசுகள், ஆறாம் ஜார்ஜ் தலை போட்டவை, பலர் கொண்டுவருகிறார்கள். அதிலும் நான் துளை போடுவதில்லை. துளைத்த காசைச் சேகரிப்பவர்கள் வாங்க மாட்டார்கள், பின்னாளில் பேரப்பிள்ளைக்கு அதை அப்படியே கொடுக்கவும் முடியாது. நான்கு மூலையையும் பிடிக்கும்படி கம்பியில் ஒரு கூடு கட்டி உள்ளே உட்காரவைக்கிறேன். வேண்டுமென்றால் கூட்டைப் பிரித்துக் காசை எடுத்துக்கொள்ளலாம்.

பால் மங்கின் சில்லு, கண்ணாடித் துண்டெல்லாம் கையைக் கிழிக்காதா?

ஓரத்தை மழுக்காமல் விட்டால் கிழிக்கும். தண்ணீரில் நனைத்த உப்புத்தாளில் ஓரத்தைத் தேயுங்கள், முதலில் 220ஆம் எண், பிறகு 400, பிறகு 800. உதட்டில் வைத்து இழுத்துப் பார்க்கும் அளவுக்கு மழுங்க வேண்டும். உலர்வாகத் தேய்க்கவே கூடாது, பீங்கான் தூசியில் சிலிக்கா இருக்கிறது, பழைய பூச்சில் ஈயமும் இருக்கக்கூடும். முகக்கவசம் போடுங்கள், தேய்த்த தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். துளை போட வைரத்தூள் பூசிய முனை வேண்டும், சில்லைத் தண்ணீருக்குள் வைத்து மெல்லத் துளைக்க வேண்டும். நான் பெரும்பாலும் துளைக்காமல் கம்பி சுற்றிவிடுகிறேன்.

வெள்ளை மங்கின் உள்பக்கத்தில் சில சமயம் காய்ந்த பால் மஞ்சளாக ஒட்டியிருக்கும். சுரண்டாமல் விடச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. ஒரு அம்மா அந்தப் பதக்கத்தை வாங்கி மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். அவர் முப்பது வருடம் பால் வெட்டியவர்.

எந்தப் பசை நல்லது?

இரண்டு குழாயாக வரும் எப்பாக்ஸி. ஐந்து நிமிடத்தில் பிடிக்கும் வகையானாலும் முழு பலம் வர ஒருநாள் விடுங்கள். சூப்பர்குளூ சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும், தட்டினால் சட்டென்று விட்டுவிடும். பசையை நம்புவதைவிடக் கம்பியை நம்புங்கள்.

உங்கள் தோடு போட்டு ஒரு பெண்ணுக்குக் காது புண்ணானதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை, இரண்டாவது வருடத்தில். மலிவாகக் கிடைக்கிறதென்று நூறு ஜோடிக் காதுக் கொக்கி வாங்கினேன், என்ன உலோகம் என்று கேட்கவில்லை. அந்தத் தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டுப் போனவள் மறுநாள் காது வீங்கி நீர் வடிந்து வந்தாள். நிக்கல் ஒவ்வாமை. நம் வியர்வையில் நிக்கல் இன்னும் வேகமாகக் கரைந்து தோலில் இறங்கும். மிச்சக் கொக்கிகளை அன்றே இரும்புக் குப்பையில் போட்டேன்.

அதிலிருந்து பழைய தோட்டின் மேல்பாகம் மட்டும்தான் பழசு, காதுக்குள் போவது எப்போதும் புதுசு: டைட்டானியம், அல்லது 925 வெள்ளி, அல்லது அறுவைக் கருவிக்குப் பயன்படும் 316எல் எஃகு. எஃகில் நிக்கல் உண்டு, ஆனால் மிகக் கொஞ்சமே வெளியே வரும், பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை, ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்களுக்கு டைட்டானியமே கொடுக்கிறேன். ஐரோப்பாவில் துளையில் போடும் நகையிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாதென்று வரம்பே வைத்திருக்கிறார்கள். நிக்கல் பார்க்கும் திரவம் இணையத்தில் கிடைக்கிறது, பஞ்சில் நனைத்துத் தேய்த்தால் இளஞ்சிவப்பாக மாறினால் அந்தச் சாமான் தோலில் படக் கூடாது.

குழந்தைகளுக்குச் செய்வீர்களா?

சின்னக் குழந்தைக்கு வேண்டாம். பழைய வர்ணத்திலும் பழைய கவரிங்கிலும் ஈயம், காட்மியம் இருக்க வாய்ப்பு உண்டு, குழந்தை எதையும் வாயில்தான் வைக்கும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கென்றால் புது மணியில் செய்து தருகிறேன்.

பாட்டி இறந்துவிட்டார், அவர் சாமானில் ஏதாவது செய்து தர முடியுமா? வீட்டில் தோஷம் என்கிறார்கள்.

முடியும், இதுதான் இப்போது என் வேலையில் பாதி. தோஷமா இல்லையா என்று நான் சொல்ல முடியாது, வீட்டுப் பெரியவர்களிடம் பேசி ஒரு முடிவுக்கு வந்த பிறகு கொண்டுவாருங்கள். காரியம் முடிந்த பிறகு வருகிறவர்கள்தான் அதிகம். தாலியை மட்டும் நான் தொடுவதில்லை, அதைப் பொற்கொல்லரிடம் கொடுங்கள்.

போன வருடம் ஒரு தம்பி சுருக்குப்பை ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே இரண்டு சாவி, பாக்குவெட்டியிலிருந்து கழன்ற ஆணி, ஒரு கொலுசு மணி, வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்த பித்தளை டப்பியின் மூடி. மூன்று பேத்திகள், மூவருக்கும் வேண்டும். சாவி இருவருக்கு, மூடி மூத்தவளுக்கு, மணியை எங்கே வைப்பது என்று யோசித்துச் சாவி வாங்கிய சின்னவள் சங்கிலியின் கொக்கிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன், பின்கழுத்தில் அவளுக்கு மட்டும் கேட்கும். மூடியில் இருந்த சுண்ணாம்பைக் கழுவவில்லை, ஓரத்தில் பாட்டியின் விரல் வழித்த தடம் இருந்தது. நகப்பூச்சுப் பூசி அப்படியே நிறுத்திவிட்டேன்.

ஒவ்வொரு நகையோடும் ஒரு சீட்டு வைக்கிறீர்களே, அது எதற்கு?

என்னைக் கேட்டால் இந்த வேலையில் மிக முக்கியமானது அந்தச் சீட்டுதான். ஒரு பொருள் கைக்கு வந்த அன்றே நோட்டில் எழுதிவிடுவேன்: எங்கே கிடைத்தது, எந்தத் தோட்டம், தோட்டத்தின் எந்த டிவிஷன் (பிரிவு), எந்த மாதம், யார் கொடுத்தார்கள், அவர்கள் பெயரைச் சொல்லச் சம்மதமா. நகையில் எது பழசு, எது நான் சேர்த்த புதுசு என்றும் சீட்டில் இருக்கும். தெரியாத பொருளுக்கு ‘ஈப்போவில் வாங்கியது’ என்று மட்டும் எழுதுவேன், கதை கட்ட மாட்டேன்.

சிலர் கடையில் வாங்கிய புதுப் பித்தளையைக் கறுக்கவைத்து ‘தோட்டத்துப் பொருள்’ என்று விற்கிறார்கள். அது வாங்குகிறவரை ஏமாற்றுவது, அந்தத் தோட்டத்தில் உழைத்தவரையும் ஏமாற்றுவது. 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி பொய்யான விவரம் சொல்லி விற்பது குற்றமும்கூட. வெள்ளி என்று தெரியாததை வெள்ளி என்று சொல்லாதீர்கள், காந்தத்தில் ஒட்டவில்லை என்பதால் மட்டும் அது வெள்ளியாகிவிடாது, பித்தளையும் அலுமினியமும்கூட ஒட்டாது.

பல தோட்டங்களின் பெயர் இப்போது பெயர்ப்பலகையில்கூட இல்லை, அங்கே இப்போது தாமான் பெயர் இருக்கிறது. சீட்டில் பெயரைப் படித்துவிட்டு ‘நான் அங்கேதான் பிறந்தேன்’ என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சீட்டு இல்லாமல் ஒரு நகையும் என் மேசையை விட்டுப் போகாது.

விலை எப்படிப் போடுகிறீர்கள்? குப்பையில் கிடைத்ததுக்கு 35 வெள்ளியா?

கிடைத்த பொருளுக்கு நான் விலை போடுவதில்லை, என் நேரத்துக்குப் போடுகிறேன். சாவிப் பதக்கம் ஒன்றின் கணக்கு இது: சங்கிலி, கொக்கி, வளையம் 7 வெள்ளி. சுத்தம் செய்து கட்ட ஒன்றரை மணி நேரம், மணிக்கு 12 வெள்ளி, ஆக 18. பெட்டி, சீட்டு 2. மேசை வாடகை, பெட்ரோல் பங்கு 4. மொத்தம் 31. உடைந்தது, வீணானதற்கு நான்கு சேர்த்தால் 35.

நாட்டில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. அதற்குக் கீழே உங்கள் மணி நேரத்துக்கு விலை போடாதீர்கள். நம் பெண்கள் செய்யும் பெரிய தவறு இது, ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்’ என்று 10 வெள்ளிக்கு விற்பது. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு கண்ணைச் சுருக்கிக் கம்பி சுற்றுவது சும்மா இருப்பதா?

பேரம் பேசுவார்கள், பேசட்டும். இரண்டு வாங்கினால் ஐந்து வெள்ளி குறைப்பேன், ஒன்றுக்குக் குறைப்பதில்லை. ‘குப்பை பொறுக்கி விற்கிறாயா’ என்று ஒருவர் கேட்டபோது முதலில் வலித்தது. இப்போது சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எங்கே விற்பது? அனுமதி, பதிவெல்லாம் வேண்டுமா?

வேண்டும். வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். என்ற மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும், 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஐசியில் உள்ள சொந்தப் பெயரிலேயே பதிந்தால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைக்கென்று தனிப் பெயர் வைத்தால் 60. இணையத்திலேயே செய்யலாம். பதிவு இருந்தால்தான் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கவும், கடன் கேட்கவும் வசதி. இந்திய வியாபாரிகளுக்குத் தெக்குன் என்ற அரசுக் கடன் நிறுவனத்தின் ஸ்புமி கடன் திட்டம் இருக்கிறது, ஆனால் முதல் வருடமே கடன் வாங்காதீர்கள், இந்த வேலைக்கு அது தேவையில்லை.

பசார் மாலாமில் இடத்துக்கு ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும், எங்கள் ஊர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. கோயில் திருவிழாவென்றால் நிர்வாகத்தைக் கேளுங்கள். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைப் பக்கம் கூட்டம் அலைமோதும், ஆனால் அன்று வருகிறவர்கள் காவடி பார்க்கவும் கும்பிடவும் வருகிறவர்கள், நின்று சீட்டுப் படிக்க நேரமில்லை. எனக்கு நன்றாகப் போவது தீபாவளிக்கு முந்திய ஆறு வாரமும், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்புகளும்தான். ஒரே பள்ளியில் படித்தவர்கள் ஒன்று கூடும் இடத்தில் தோட்டத்தின் பெயர் போட்ட நகையைக் கையில் எடுத்தவர்கள் திரும்ப வைப்பதில்லை.

கைப்பேசியில் பணம் செலுத்த டூயிட்நவ் கியூஆர் அட்டையை மேசையில் வையுங்கள், பசார் மாலாமில் கையில் காசு வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இணையத்தில் விற்கப் படம் எப்படி எடுப்பது?

காலை எட்டு மணிக்கு வீட்டு முன் தாழ்வாரமான ஐந்தடியில், வெயில் நேராகப் படாத இடத்தில், சாம்பல் நிறச் சிமெண்டுத் தரையின் மேல். அளவு தெரிய ஒரு படத்தில் 20 காசு நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். கீறலோ குழியோ இருந்தால் அதையும் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள்.

கல்யாணத்துக்கு ஒரே மாதிரி ஐம்பது வேண்டும், முடியுமா?

முடியாது. ரப்பர் விதை என்றால் ஒரே தோட்டத்து விதையில் ஐம்பது செய்யலாம், ஐந்து மாதம் முன்னதாகச் சொல்லுங்கள்.

வாங்கிய நகை கறுத்துவிட்டது, என்ன செய்வது?

பித்தளையும் செம்பும் நம் ஊர் ஈரத்தில் கறுக்கத்தான் செய்யும். குளிக்கும்போது கழற்றுங்கள், செண்ட் அடித்துக் காய்ந்த பிறகு போடுங்கள், ஜிப் பையில் காற்றை வெளியேற்றிவிட்டு வையுங்கள். கறுத்தால் மேலே சொன்ன புளி வைத்தியம், கம்பியை மட்டும், விதையில் படாமல். கழுத்தில் பச்சையாகச் சாயம் பிடித்தால் பயப்படாதீர்கள், செம்பும் வியர்வையும் சேர்ந்து வருவது, சோப்புப் போட்டால் போய்விடும்.

எங்கள் வீட்டு டின்னைக் கொண்டுவந்து தரலாமா?

தாராளமாக. ஆனால் எதையும் கழுவாமல், பிரிக்காமல், இருந்தது இருந்தபடியே கொண்டுவாருங்கள். வருவதற்கு முன்னால் வீட்டில் வயசானவர் இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டின்னைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்து எண் தெரிந்தால் அதுவும். டின் திரும்ப வேண்டுமென்றால் மூடியின் உள்பக்கத்தில் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள், என் வீட்டில் ஏற்கெனவே பதினெட்டு டின் இருக்கிறது.